ஆயுத பூஜைக்கு எத்தனை பெட்டி?

2007-இல் கோவையில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் சேர்ந்தேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பெரிய பொறுப்பு, ஆயுத பூஜைக்கு இனிப்புப் பெட்டி வாங்குவது. சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 212 பேர் இருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று 220 பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். பூஜையன்று மாலை நான்கரை மணிக்கெல்லாம் பெட்டிகள் தீர்ந்துவிட்டன. வரிசையில் இன்னும் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். கடைசியில் நின்றவர் தரை கழுவும் அம்மா. காலை ஆறு மணிக்கு வந்து, எண்ணெய்க் கறை ஊறிய தரையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியவர் அவர். வாசலில் கிடந்த கோலத்தில் பாதி அவர் கையால் போட்டது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "பரவாயில்லை கண்ணு, எனக்குப் பொரி போதும்" என்று சொல்லி, இரண்டு கைப் பொரியை முந்தானையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பெயர் எங்கள் சம்பளப் பட்டியலில் கிடையாது. துப்புரவு ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருந்தது. வாட்ச்மேன்கள் வேறொரு நிறுவனத்தின் கணக்கில் இருந்தார்கள், கேன்டீனில் இருப்பவர்கள் இன்னொருவர் கணக்கில். ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடு. எல்லாரும் ஒரே கேட் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் விழாவுக்காகச் சம்பளப் பட்டியலை நான் தொட்டதே இல்லை. கேட்டில் வாட்ச்மேன் எழுதும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, பூஜைக்கு முந்தைய வாரத்தில் மூன்று ஷிப்டிலும் உள்ளே வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினேன். 291 பேர். வாரத்தில் இரண்டு நாள் வரும் தோட்டக்காரர் உட்பட. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இன்றும் நான் முதலில் சொல்வது, கணக்கைக் கேட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான்.

எண்ணிக்கை சரியான பிறகும் பெட்டியின் அளவு சரியாகவில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு அரைக் கிலோ, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கால் கிலோ என்பது எனக்கு முன்பிருந்தே வந்த வழக்கம். ஒரே வரிசையில் அடுத்தடுத்த லேத்தில் நிற்கும் இரண்டு பேர், ஒரே மாதிரி மஞ்சள் பையில், இரண்டு அளவுப் பெட்டிகளோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். இதை மாற்ற எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. "சமத்துவம்" என்று பேசிய இரண்டு ஆண்டும் நிர்வாகம் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டு கணக்கெழுதிக்கொண்டு போனேன். எல்லாருக்கும் 400 கிராம் என்று வைத்தால் மொத்தச் செலவு ஏறக்குறைய அதேதான் வந்தது. கையெழுத்துக் கிடைத்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளர்களில் ஒருவர்கூட நூறு கிராம் குறைந்ததைப் பற்றிக் கேட்கவில்லை.

கோலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் எங்கள் வைண்டிங் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூஜையன்று அவர்கள் காலை ஆறு மணிக்கே வந்து கோலம் போட வேண்டும், மாவிலைத் தோரணம் கட்ட வேண்டும், சுண்டலுக்கு ஊற வைக்க வேண்டும். அதை யாரும் உத்தரவாகச் சொல்லவில்லை; யாரும் சொல்லாமலேயே அப்படி ஆகியிருந்தது. அதே காலையில் எந்திரம் துடைக்க வரும் ஆண்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் உண்டு. கோலத்துக்குக் கிடையாது. பெண் அதிகாரியாக நான் வந்த பிறகுகூட இது நான்கு ஆண்டுகள் நீடித்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நானும் அவர்களோடு உட்கார்ந்து மகிழ்ச்சியாகக் கோலம் போட்டேனே தவிர, வருகைப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. இப்போது விழா வேலை எதுவானாலும் அது வேலைதான். கோலம், தோரணம், துடைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே நேரக் கணக்கு. கோலம் போட விரும்பும் ஆண்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தோம். இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அச்சு மணலைப் பிடித்துப் பழகிய கைகள், கோடு அவ்வளவு நேர்த்தியாக விழுந்தது.

ஷிப்ட் விஷயம் எளிதாகத் தீர்ந்தது. முன்பு மாலையில்தான் பூஜை நடக்கும். முதல் ஷிப்டில் வந்தவர்கள் இரண்டு மணிக்கே போயிருப்பார்கள். இப்போது பூஜைக்கு முந்தைய வேலை நாளில், ஷிப்ட் மாறும் இரண்டு மணியை ஒட்டி வைத்துக்கொள்கிறோம். இரண்டு ஷிப்டும் இருப்பார்கள். தொலைவிலிருந்து வருகிற பெண்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவார்கள். இரவு ஷிப்டுக்கு வருகிறவர்களின் பெட்டிகள் தனியே எண்ணிப் பூட்டி வைக்கப்படும்; நான் அன்று பத்து மணி வரை இருந்து என் கையால் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். ஆயுத பூஜையன்று முழு விடுமுறை.

எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு மூத்த ஊழியர் இருந்தார், இஸ்லாமியர். ஆண்டுதோறும் பூஜை நாளில் அவருடைய விடுப்பு விண்ணப்பம் வரும். எனக்கு அது இயல்பாகவே பட்டது. கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வேறு ஏதோ பேச்சின் நடுவே அவரே சொன்னார்: "மேடம், இந்த ஸ்டோர்ஸைத் துடைத்து அடுக்கி வைக்க எனக்கும் ஆசைதான். சந்தனத்தோடு நெற்றிக்கு வருகிற கையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதனால் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்." இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனிதர் யாரையும் புண்படுத்தக் கூடாது என்பதற்காகத் தன்னை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் அதை விடுப்பு என்று பதிவு செய்துகொண்டிருந்தோம்.

அதற்குப் பின் செய்த மாற்றங்கள் சிறியவை. சந்தனம், குங்குமம், திருநீறு மூன்றும் ஒரு மேசையில் இருக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், ஒருவர் இன்னொருவர் நெற்றியில் வைப்பது கிடையாது. படையலில் வைத்த பொங்கலும் சுண்டலும் ஒரு பக்கம், படைக்காத பொரிப் பைகளும் இனிப்புப் பெட்டிகளும் இன்னொரு பக்கம். பெட்டிகளைப் படத்துக்கு முன் அடுக்குவதை நிறுத்திவிட்டோம், ஏனென்றால் படைத்த உணவைச் சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். எந்திரம் துடைப்பதற்கு ஒரு நேரம், அதில் எல்லாரும் உண்டு. பூஜைக்கு இன்னொரு நேரம், அதில் விரும்புகிறவர்கள் நிற்பார்கள். நிற்காதவர்கள் பெயரை யாரும் குறிப்பதில்லை. அடுத்த ஆண்டு அவர் வந்தார். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு அலமாரிக்கும் புதுப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்.

மில்லிங் பிரிவில் ஒரு பெரியாரியவாதி இருக்கிறார். கற்பூரம் ஏற்றும்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். ஆண்டுதோறும் மிகச் சுத்தமாகத் துடைத்து எண்ணெய் போடப்பட்ட எந்திரம் அவருடையதுதான். அவரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது.

அதற்கு முன் நெருப்பு. ஆயுத பூஜைக்கு எந்திரம் துடைப்பது மண்ணெண்ணெய், தின்னர், பனியன் வேஸ்ட் என்கிற துணிக் கழிவு மூன்றையும் வைத்துத்தான். துடைத்த வேஸ்டை ஒரு மூலையில் போடுவார்கள். மூன்று மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஊதுபத்தியும் கற்பூரமும் வரும். ஒரு வருடம் பெயிண்டிங் பிரிவில் வேஸ்ட் குவியல் பற்றிக்கொண்டது. பக்கத்தில் மணல் வாளி இருந்ததால் தப்பித்தோம். பத்தடி தள்ளித் தின்னர் பேரல் இருந்தது. அந்தப் பத்தடியை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது கற்பூரம், ஊதுபத்தி, விளக்கு எல்லாம் வளாகத்துப் பிள்ளையார் கோயிலில் மட்டும். பிரிவுகளுக்குள் பூ, மாலை, மின்விளக்குச் சரம், அதுவும் பெயிண்டிங் பிரிவில் கிடையாது. துடைத்த வேஸ்ட் மூடி போட்ட இரும்பு டிரம்மில் போய், பூஜை தொடங்கும் முன் கட்டடத்துக்கு வெளியே போய்விட வேண்டும். "அந்தந்த எந்திரத்துக்குத் தீபம் காட்டாவிட்டால் எப்படி?" என்று முதலில் வருத்தப்பட்டார்கள். பிள்ளையார் கோயிலில் காட்டிய தட்டை, நெருப்பு அணைந்த பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் எடுத்துப் போவது என்று மூத்த ஃபோர்மேன் ஒருவர்தான் வழி சொன்னார்.

துடைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் 'சக்' என்கிற பகுதியைக் கையால் சுற்றித் துடைக்கலாம். ஓடவிட்டுத் துடைக்கக் கூடாது. விழா நாளின் உற்சாகத்தில்தான் விரல் போகிறது. மஞ்சள் நீரும் சந்தனமும் எந்திரத்தின் வழுக்குப் பாதையில் பட்டால் இரண்டு நாள் விடுமுறைக்குள் துரு பிடித்துவிடும்; அதனால் முதலில் எண்ணெய் பூசிவிட்டு, பொட்டைப் பெயிண்ட் அடித்த உடம்பில் மட்டும் வைக்கச் சொல்கிறோம். அவசர நிறுத்தப் பொத்தான் மேலும், கணினியால் இயங்கும் சி.என்.சி. எந்திரத்தின் திரை மேலும் வைக்கக் கூடாது. விடுமுறை முடிந்து வருகிற முதல் ஷிப்டின் முதல் வேலை, மாலையையும் நூலையும் அறுத்தெடுப்பது. சூப்பர்வைசர் ஒவ்வோர் எந்திரமாகப் பார்த்த பிறகே மின்சாரம் வரும்.

திருஷ்டிப் பூசணிக்காயை முன்பு சாலையில்தான் உடைத்தோம். ஒரு வருடம் எங்கள் வாசலில் ஓர் இளைஞர் வண்டியோடு சரிந்தார். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று, பின்னால் லாரி வரவில்லை. இப்போது வளாகத்துக்குள், துடைப்பமும் கூடையும் தயாராக இருக்கும் இடத்தில் உடைக்கிறோம். ஐந்து நிமிடத்தில் இடம் சுத்தம்.

இனி, நான் அதிகம் கற்றுக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 17, திங்கட்கிழமை. காலை ஷிப்டில் ஃபவுண்டரியின் மோல்டிங் பிரிவு ஓடவில்லை. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த நாற்பது பேர் எந்திரத்தில் ஒரு சிறு படத்தைச் சாய்த்து வைத்து, பூ வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். இதை வேலைநிறுத்தம் என்று எழுதச் சொல்லி என்னிடம் தாள் நீட்டினார். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் எழுந்து வந்து, "மேடம், இன்று விஸ்வகர்மா பூஜை. எங்கள் ஊரில் இன்றைக்குக் கருவியைத் தொட மாட்டோம். உங்கள் பூஜைக்கு நாங்கள் எல்லாரும் துடைக்கிறோமே" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. நம் ஆயுத பூஜை நவராத்திரியின் நவமியில் வருகிறது, ஆண்டுக்கு ஆண்டு தேதி நகரும். அவர்களுடைய விஸ்வகர்மா பூஜை சூரியன் கன்னி ராசிக்குள் நுழையும் நாளில் வருகிறது, அதனால் பெரும்பாலும் செப்டம்பர் 17-இலேயே நின்றுவிடுகிறது. எந்திரத்தைக் கும்பிட வேண்டும் என்கிற எண்ணம் ஒன்றே, நாள்தான் வேறு. ஆண்டுக்கணக்காக எங்களோடு வேலை செய்தவர்கள். அவர்களுக்கென்று இப்படி ஒரு நாள் இருக்கிறதா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. பன்னிரண்டு மணிக்கு வேலை தொடங்குவது, இழந்த நேரத்தை அந்த வாரத்திலேயே ஈடுகட்டுவது என்று பேசி முடித்தோம்.

அடுத்த ஆண்டுக்கு நிரந்தர வழி வேண்டியிருந்தது. கூடுதலாக ஒரு விடுமுறை கொடுக்க நிர்வாகம் தயாராக இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 52-ஆம் பிரிவு கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தால், அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விடுமுறை கொடுக்கலாம் என்று அது சொன்னது. தொழிற்சாலை ஆய்வாளருக்கு முன்கூட்டியே அறிவித்து, தொழிற்சாலையிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்தது. தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் விடுமுறை இல்லாமல் போகக் கூடாது என்றும் இருந்தது. யோசித்துப் பாருங்கள், செப்டம்பர் 17 எந்தக் கிழமையில் வந்தாலும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கு மூன்று நாள் தொலைவுக்குள்தான் விழும். 2019-இல் அது செவ்வாய். 15-ஆம் தேதி ஞாயிறு ஃபவுண்டரி ஓடியது, 17 விடுமுறை. உலை அணைந்திருக்கும் அந்த நாளில் அதன் உட்பூச்சான லைனிங்கை மாற்றும் வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று ஃபவுண்டரி மேலாளரும் மகிழ்ந்தார். அதைச் செய்ய வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், விஸ்வகர்மாவைக் கும்பிடுகிறவர்கள் கருவியைத் தொடவில்லை.

செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாளும்கூட. 2021-இல் தமிழ்நாடு அரசு அதைச் சமூகநீதி நாளாக அறிவித்தது. மில்லிங் பிரிவுத் தோழர் ஒவ்வோர் ஆண்டும் அன்று கேன்டீனில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுப்பார். 2019-இல் பூஜை முடித்த ஃபவுண்டரிக்காரர்கள் மதியம் பூந்தி லட்டுக் கூடையோடு கேன்டீனுக்கு வந்தார்கள். அவர் மிட்டாய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "இது படைத்ததா?" என்று கேட்டார். ஒரு பையன் கூடையின் அடியிலிருந்து படைக்காத லட்டை எடுத்துக் கொடுத்தான். இவர் அவர்களுக்கு மிட்டாய் கொடுத்து, இன்று யாருடைய பிறந்த நாள் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் எந்தத் திட்டமும் போடவில்லை. ஒருவரை ஒருவர் தடுக்காதபடி நாளை அமைத்துக் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான்.

பீகாரிலிருந்து வந்தவர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது சட் பூஜை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் மாலை நீரில் நின்று மறையும் சூரியனுக்கும், மறுநாள் காலை உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம், அதாவது நீர்ப் படையல், கொடுக்க வேண்டும். 2022-இல் தீபாவளி அக்டோபர் 24, சட் பூஜை 30. ரயிலில் போக வர மட்டும் நான்கைந்து நாள். ஆக, பீகார்காரருக்கு இரண்டு வாரம் வேண்டும். முன்பு நாங்கள் தீபாவளிக்கு நான்கு நாள் விடுப்பு என்று அறிவித்துவிட்டு, அவர்கள் திரும்பி வரவில்லையே என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தோம். இப்போது ரயில் முன்பதிவு திறக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே பட்டியல் கேட்கிறோம். முன்பு 120 நாளுக்கு முன் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள். பாதிப் பேருக்குச் சட் பூஜை, மீதிப் பேருக்கு ஹோலி, அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வது என்று அவர்களே உட்கார்ந்து பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களில் உள்ள இஸ்லாமியர்கள் அந்த வாரத்தில் கூடுதல் ஷிப்ட் ஏற்கிறார்கள். ரம்ஜானுக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைக்கும். யார் யாருக்காக எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வாய்ப்பேச்சில் விட்ட இரண்டு முறையும் சண்டையில் முடிந்தது.

போனஸை விழாவோடு குழப்பக் கூடாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன். 2025 வரை நடப்பில் இருந்த 1965-ஆம் ஆண்டுப் போனஸ் சட்டத்தின்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உரிமை வந்துவிட்டது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு நவம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறக்குறைய இருபது நாள்தான். ஒரு வருடம் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய் ஆயுத பூஜை வந்துவிட்டது. அன்று எல்லாரும் எந்திரம் துடைத்தார்கள், பூஜையில் நின்றார்கள், பெட்டியைத் தொடாமல் வரிசையாக வெளியே போனார்கள். மேசைமேல் முந்நூறு பெட்டி அப்படியே இருந்தது. அந்த மௌனத்தை நான் மறக்கவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் போனஸ் பேச்சு முடிய வேண்டும், ஊருக்குப் போகிறவர் கையில் ரயிலேறும் முன் பணம் இருக்க வேண்டும் என்று அதன்பின் நிர்வாகமே தேதி வைத்துக்கொண்டது. ஒப்பந்தக்காரர் தம் ஆட்களுக்குக் கொடுத்ததற்கான வங்கிச் சான்றையும் கேட்டு வாங்குகிறோம்.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை விடுமுறைகள். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று நான்கு எளிதில் நிரம்பிவிடும். ஐந்தாவதற்குக் கிறிஸ்துமஸ், ரம்ஜான், விநாயகர் சதுர்த்தி மூன்றும் வரிசையில் நிற்கின்றன. வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தோம். எண்ணிக்கை குறைந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தோற்றார்கள், அதனால் விட்டுவிட்டோம். சுழற்சி முறை வைத்தோம்; முறை வராத ஆண்டில் ஒருவர் தம் பண்டிகை நாளில் உலை முன் நின்றார். இப்போது ஆளுக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு விருப்பப் பண்டிகை விடுப்பு உண்டு, காரணம் கேட்பதில்லை. நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் எல்லாரும் சேர்ந்து கேட்டை மூடிவிட்டுப் போகும் நாளாகத் தங்கள் பண்டிகை இருக்க வேண்டும் என்று வைண்டிங் பிரிவில் இருக்கும் கிறிஸ்தவப் பெண்கள் டிசம்பர்தோறும் வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். அடுத்த ஆண்டுப் பட்டியலை ஒட்டுவதற்கு முன் ஐந்தாவது வரியை நான் இன்னமும் பென்சிலில்தான் எழுதி வைக்கிறேன்.